நீலகிரியில் தோட்டம் வரைய எங்கே உட்காருவது: பூங்காவிலா, வீட்டு வாசலிலா, ஜன்னலோரமா?

வேலை ஓய்ந்து, பிள்ளைகளும் தங்கள் பாட்டைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு எண்ணெய் வண்ணத்தைக் கையில் எடுக்கிறவர்கள் எங்கள் மலையில் உண்டு. நானும் அப்படிப் பிரஷ் பிடித்தவள்தான். மாறும் வெளிச்சத்தை வெளியிலேயே உட்கார்ந்து வரைந்த, 'இம்ப்ரஷனிஸ்ட்' என்று பெயர் பெற்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்ஸின் ஓவியர்கள் மோனே, பிஸ்ஸாரோ, பெர்த் மோரிஸோ வரைந்த தோட்டங்களின் அச்சுப் படங்களைப் பார்த்து மனம் போய், "நாமும் இப்படி வெளியில் உட்கார்ந்து வெளிச்சத்தை வரைந்தால் என்ன?" என்று தொடங்குகிறோம். ஊட்டியிலும் குன்னூரிலும் தோட்டத்துக்குப் பஞ்சமில்லை. அதனாலேயே எங்கே உட்காருவது என்ற குழப்பம் வருகிறது. அரசுப் பூங்காவுக்குப் போவதா, வீட்டு வாசலிலேயே வரைவதா, போட்டோ எடுத்துவந்து அறைக்குள் வரைவதா? ஒரே அமர்வில் முடிப்பதா, நாள் கணக்கில் வேலை செய்வதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வீட்டுத் தோட்டம்தான் முதலிடம். அடுத்தது பக்கத்துக் காய்கறித் தோட்டம். பூங்கா மூன்றாவது. போட்டோ கடைசி. இந்த வரிசைக்குக் காரணம் பூக்களின் அழகு கிடையாது. இங்கே வெயில் விழுகிற விதம்தான் காரணம்.

மோனே 1883-ல் குடியேறிய பிரான்ஸ் ஊரான ஜிவெர்னி ஏறக்குறைய 49 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஊட்டி 11 டிகிரி சொச்சம். அங்கே ஜூன் மாதப் பகல் 16 மணி நேரம் நீளும். நமக்கு வருடத்தின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. அதைவிடப் பெரிய வித்தியாசம், சூரியன் ஏறுகிற வேகம். அங்கே ஜூனில் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்துக்கு வர சூரியனுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இங்கே ஏப்ரலில் இரண்டே மணி நேரத்தில் அந்த உயரத்துக்கு வந்துவிடும். இம்ப்ரஷனிஸ்ட் படங்களில் நம்மை மயக்குகிற நீண்ட ஊதா நிழல், இலையின் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள், பாதையில் குறுக்கே கிடக்கும் வெளிச்சப் பட்டை எல்லாம் சாய்வெயிலின் வேலை. நமக்குக் காலையில் இரண்டு மணி நேரம், மாலையிலும் ஏறக்குறைய அதே அளவு, அவ்வளவுதான் சாய்வெயில்.

ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 23 வாக்கிலும் ஊட்டியில் உச்சிப் பொழுதில் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கும். நிழல் செடியின் காலடிக்குள் சுருங்கிவிடும். மே சீசனுக்காகப் பூங்காக்கள் பூத்து நிறைகிற காலமும் கிட்டத்தட்ட இதுதான். பூ நிறைய இருக்கும், வெளிச்சம் தட்டையாக இருக்கும். அந்த நேரத்தில் 11 மணிக்குப் போய் ஈசலை (படத்தைத் தாங்கும் மடக்குச் சட்டத்தை) விரித்தால், எவ்வளவு திறமை இருந்தாலும் படம் விதைப் பாக்கெட்டின் அட்டை போலத்தான் வரும்.

இதற்கு ஈடாக மலை நமக்குக் கொடுப்பது மூடுபனி. குன்னூரில் மதியத்துக்கு மேல் மேட்டுப்பாளையம் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வந்துவிட்டால், நிழல் நகராது. நிறங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி, சாம்பலில் தோய்ந்து, இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே நிற்கும். வயதான கைக்கு இது பெரிய வரம். அவசரப்படாமல் கலக்கலாம், துடைக்கலாம், மறுபடி வைக்கலாம். மோனே 1899 முதல் 1901 வரை லண்டனுக்குப் போய் தேம்ஸ் நதியை வரைந்தது அந்த ஊரின் பனிமூட்டத்துக்காகத்தான். நம் வாசலுக்கே வருவதை வீணாக்கக் கூடாது.

ஆக, நல்ல வெளிச்சம் வரும்போது நீங்கள் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கில்தான் பூங்காக்கள் பின்தங்குகின்றன. வாசல் திறந்து, சீட்டு வாங்கி, மேடேறி, இடம் பிடிப்பதற்குள் காலையின் பாதி வெளிச்சம் போய்விடும்.

சரி, பூங்காவுக்கே போவதென்றால் எது? ஊட்டி தாவரவியல் பூங்கா 1848-ல் மெக்ஐவர் அமைத்தது, ஏறக்குறைய 55 ஏக்கர், தொட்டபெட்டாவின் அடிச்சரிவில் படிப்படியாக மேலேறிப் போகிறது. சுற்றுலா வருகிறவர்கள் கூடுகிற கீழ்ப்பகுதிப் பாத்திகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். தோட்டக்காரர் நிறங்களை முன்பே வரிசைப்படுத்தி முடித்துவிட்ட இடம் அது. ஓவியருக்கு அங்கே தேர்ந்தெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. மேலே, பழைய மரங்கள் இருக்கிற பகுதி அருமையானது. ஆனால் ஈசல், பெட்டி, தண்ணீர், மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றத்தை முழங்கால் தாங்க வேண்டும்.

ரோஜாப் பூங்கா 1995-ல் வந்தது. எல்க் மலைச் சரிவில் ஐந்து அடுக்கு. பார்க்க வரலாம், வரைய வேண்டாம் என்பதே என் கருத்து. நிழலே இல்லாத திறந்த சரிவு. வெயில் நேராகக் கேன்வாஸில் விழுந்தால் கண் கூசி, நாம் நம்மை அறியாமல் எல்லா நிறத்தையும் இருட்டாகக் கலப்போம். வீட்டுக்கு வந்து சுவரில் சாய்த்துப் பார்க்கும்போது படம் மங்கிக் கிடக்கும். குடை வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். அந்தச் சரிவில் அடிக்கிற காற்றுக்குக் குடை நிற்காது.

எனக்குப் பிடித்தது குன்னூர் சிம்ஸ் பூங்காதான். ஊட்டியை விட 400 மீட்டருக்கு மேல் தாழ்வு, அதனால் குளிரும் குறைவு. இது தொடங்கப்பட்டது 1874-ல். பாரிஸில் மோனே, பிஸ்ஸாரோ, மோரிஸோ, ரெனுவார் எல்லாரும் சேர்ந்து தங்கள் முதல் கண்காட்சியை வைத்ததும் அதே வருடம்தான். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆனாலும் அந்தப் பூங்காவில் உட்காரும்போது இதை நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். பள்ளமான இடத்தைச் சமன்படுத்தாமல், இருந்த வளைவிலேயே பாதை போட்டிருக்கிறார்கள். ருத்திராட்ச மரம் உட்படப் பெரிய மரங்கள் நிற்கின்றன. காலை வெயில் இலைகளுக்கு இடையில் சிதறி, நடைபாதையில் காசு காசாக விழும். இம்ப்ரஷனிஸ்ட்கள் உயிரைக் கொடுத்துத் துரத்திய வெளிச்சம் அதுதான். அப்புறம், மர நிழலில் உட்கார்ந்தால் கேன்வாஸில் வெயில் படாது.

கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு 1908-ல் உருவான பிரையண்ட் பூங்கா ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நடக்கச் சிரமமில்லை, பெரிய மரங்களும் உண்டு. அங்கேயும் பாத்திகளை விட்டுவிட்டு மரத்தடிக்குப் போங்கள் என்பேன்.

எந்தப் பூங்காவாக இருந்தாலும் இரண்டு சங்கடங்கள் மாறாது. ஒன்று, கூட்டம். மே மாதத்தில் பின்னால் நின்று பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலேயே வெயில் ஏறிவிடும். புதிதாகத் தொடங்கியவருக்குக் கூச்சமும் சேர்ந்துகொள்ளும். இரண்டாவது, பூங்காச் செடி நமக்காகக் காத்திருக்காது. சீசன் முடிந்ததும் பாத்தியைப் பிடுங்கி அடுத்த நாற்றை வைப்பார்கள். பாதி வரைந்த படத்தோடு திரும்பிப் போனால் அங்கே வெறும் மண் இருக்கும். ஈசல் விரிப்பதற்கு முன்னால் பூங்கா அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

இனி வீட்டுத் தோட்டம். பெரிய பங்களாவாக இருக்க வேண்டியதில்லை. நம் மலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில்கூட டின் டப்பாக்களில் ஜெரேனியம் பூத்து நிற்கும். மூன்று டப்பா, ஒரு மரப்படி, பின்னால் சாயம் போன ஒரு கதவு இருந்தால் ஒரு வருடத்துக்கு வரையலாம். ஈசலை மடக்க வேண்டாம், நிறம் கலக்கும் பேலட்டைத் துடைக்க வேண்டாம். காலையில் காப்பி குடித்துக்கொண்டே வெயில் எந்த இலையில் முதலில் விழுகிறது என்று கவனிக்கலாம். நேற்று விழுந்த இடத்திலேயே இன்றும் விழும். விரல் வலித்தால் எழுந்து போய்விடலாம். மோனே 1890-91-ல் வைக்கோல் போர்களை வரைந்தபோது, வெளிச்சம் மாற மாறக் கேன்வாஸை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு கேன்வாஸ், மறுநாள் அதே நேரம் வந்ததும் அதே கேன்வாஸ். பூங்காவுக்கு நாலு கேன்வாஸைச் சுமந்துகொண்டு போக நம்மால் முடியாது. வீட்டில் முடியும்.

இன்னொரு பெரிய லாபம், வரைய வேண்டியதை நாமே நட்டுக்கொள்ளலாம். மோனே செய்தது அதுதான். 1893-ல் குளத்துக்காக நிலம் வாங்கி, அல்லி வளர்த்து, பிறகு ஏறக்குறைய 250 படங்களை அந்தத் தண்ணீரிலிருந்து எடுத்தார். நமக்குக் குளம் வேண்டாம். ஹைட்ராஞ்சியா ஒன்று போதும். நீலகிரி மண் புளிப்பு மண், அதனால் இங்கே ஹைட்ராஞ்சியா நீலமாகப் பூக்கும். தொட்டி மண்ணில் சுண்ணாம்பு சேர்த்தால் இளஞ்சிவப்புப் பக்கம் போகும். ஒரு தொட்டியை அப்படியே விட்டு, இன்னொன்றுக்குச் சுண்ணாம்பு போட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உங்கள் படத்தின் நிறச் சேர்க்கையை மண்ணிலேயே கலந்துவிட்டீர்கள். நாஸ்டர்டியத்தைப் பாதையின் இரண்டு பக்கமும் படர விடுங்கள். ஜிவெர்னியின் நடுப்பாதையில் படர்ந்து கிடந்ததும் இதுதான், நம் ஊரில் அது கேட்பாரில்லாமல் வளரும். ஈரமான ஓடையோரத்து வெள்ளை ஆரம் லில்லியை ஒரு மூலையில் வையுங்கள். மூடுபனி நாளில் அந்த வெள்ளையில் எத்தனை நிறம் ஒளிந்திருக்கிறது என்று வரையும்போது தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. வீட்டுத் தோட்டத்தில் கொடிக்கயிறு, கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, அடுத்த வீட்டுத் தகரக் கூரை எல்லாம் பார்வைக்குள் வரும். அதற்கு வழி, நெருங்கிப் போவது. அடிவானத்தை வெட்டிவிட்டு, செடியும் தரையும் மட்டும் கேன்வாஸை நிறைக்கட்டும். பிற்கால அல்லிப் படங்களில் மோனே கரையையே விட்டுவிட்டார், வெறும் நீர்ப்பரப்பு மட்டும் மிஞ்சியது.

காய்கறித் தோட்டத்தை நான் இரண்டாவதாக வைத்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தோட்டம் வரையப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் பச்சை. மலை பச்சை, தேயிலை பச்சை, புல் பச்சை. டியூபிலிருந்து எடுத்த ஒரே பச்சையைப் பத்து இடத்தில் தடவினால் படம் மூச்சு விடாது. கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு முட்டைக்கோஸ் பாத்தியைப் பாருங்கள். இலை நீலம் கலந்த சாம்பல் பச்சை, அடியில் செம்மண், வரப்போரம் கேரட்டின் மஞ்சள் பச்சை. ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டுகிற நிறங்கள் தாமாகவே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. படிப்படியான பாத்திகள் கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு போகும், காட்சியமைப்புக்குத் தனியாக மெனக்கெட வேண்டாம்.

பிஸ்ஸாரோ இதைத்தான் செய்தார். பாரிஸுக்குப் பக்கத்துப் பொந்துவாஸ் ஊரின் கொல்லைத் தோட்டங்களையும் முட்டைக்கோஸ் பாத்திகளையும் அவர் விடாமல் வரைந்தார். 1874 கண்காட்சியின்போது, முட்டைக்கோஸெல்லாம் ஒரு விஷயமா என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். இன்று அந்தப் படங்களைப் பார்க்கும்போது மண்ணின் ஈரமே கையில் படுவது போலிருக்கிறது. மலர்க் கண்காட்சியின் ஊரில் காய்கறியை வரைவது தாழ்ந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தோட்டக்காரரிடம் முன்னதாகக் கேட்டுக்கொண்டு, வரப்பை மிதிக்காமல், ஓரமாக உட்காருங்கள். மருந்து அடிக்கிற நாளில் போகாதீர்கள். காலையில் ஸ்பிரிங்க்ளர் ஓடினால் நகர்ந்து உட்கார வேண்டியிருக்கும், ஆனால் அந்த நீர்த்தூவலில் வெயில் படுவதைப் பார்த்துவிட்டால் அதுவே அடுத்த படத்துக்கு விஷயம். களை பறிக்கிற அக்காக்களை வரைவதென்றால் முதலில் அவர்களிடம் கேளுங்கள், முடித்ததும் காட்டுங்கள். முட்டைக்கோஸ் நட்டு மூன்று நான்கு மாதத்தில் அறுவடையாகிவிடும் என்பதால், தலை கட்டுகிற சமயத்தில் வரைய ஆரம்பித்தால் அதிக நாள் கிடைக்காது. இந்த ஒரு காரணத்தால்தான் இதை வீட்டுத் தோட்டத்துக்குக் கீழே வைக்கிறேன்.

போட்டோவைக் கடைசியில் வைத்தாலும் அதை ஒதுக்கச் சொல்லவில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் நவம்பரில் குன்னூர் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. வெளியே உட்கார முடியாத நாட்கள் நிறைய. ஆனால் போன் கேமரா வெயிலையும் நிழலையும் கண் பார்ப்பது போல ஒருசேரப் பிடிக்காது. பல நேரம் நிழலின் நிறத்தைத் தொலைத்துவிடும், பச்சையை உள்ளதைவிட ஏற்றிக் காட்டும். இம்ப்ரஷனிஸ்ட்கள் நிழலில் கறுப்பைத் தவிர்த்து நீலத்தையும் ஊதாவையும் கண்டுபிடித்தார்கள். போட்டோவைப் பார்த்து வரைந்தால் அந்தக் கண்டுபிடிப்பே நமக்குக் கிடைக்காமல் போகும். அதனால் போட்டோ எடுக்கிற அன்றே, ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசிய சின்னத் தாளில் நாலைந்து நிறப் புள்ளிகளை அந்த இடத்திலேயே கலந்து வைத்துக்கொள்ளுங்கள். உருவத்துக்குப் போட்டோ, நிறத்துக்கு அந்தத் தாள்.

மழைக்காலத்துக்கு அதைவிடச் சிறந்த வழி ஜன்னல். பிஸ்ஸாரோவுக்குக் கடைசிக் காலத்தில் கண் உபாதையால் காற்றிலும் தூசியிலும் நிற்க முடியாமல் போயிற்று. ஓட்டல் அறை ஜன்னலிலிருந்து பாரிஸையும் ரூவானையும் வரைந்தார், அவை அவருடைய சிறந்த படங்களில் சேரும். மோனேயும் லண்டனில் சவாய் ஓட்டல் அறையிலிருந்துதான் பாலங்களை வரைந்தார். மழை வழியும் கண்ணாடிக்கு அப்பால் தெரிகிற ஹைட்ராஞ்சியா உங்களுக்கே உங்களுக்கான காட்சி.

ஒரே அமர்வா, பல அமர்வா என்ற கேள்விக்கு மலைக் குளிர் பாதிப் பதிலைச் சொல்லிவிடுகிறது. எண்ணெய் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. குளிரும் ஈரமும் அதைத் தாமதப்படுத்தும். கீழே கோவையில் மூன்று நாலு நாளில் கையில் ஒட்டாமல் போகிற பூச்சு, ஊட்டி ஜூலையில் வாரம் தாண்டியும் ஒட்டும். நிறத்துக்கு நிறமும் மாறும்: அம்பர் என்ற பழுப்பு சீக்கிரம் காயும், டைட்டானியம் வெள்ளையும் காட்மியம் மஞ்சள், சிவப்பும் தாமதிக்கும். காயாத அடுக்கின் மேல் மறுநாள் பூசினால் நிறங்கள் குழம்பிச் சேறாகும். அதனால் புதியவர்களுக்கு என் யோசனை, 8 அங்குலத்துக்கு 10 அங்குலப் பலகையில் ஒரே அமர்வில் ஈரத்தின் மேல் ஈரமாக முடிப்பது. அந்த அளவு இரண்டு மணி நேர சாய்வெயிலுக்குச் சரியாக இருக்கும். கை பழகிய பிறகு பெரிய கேன்வாஸுக்குப் போங்கள், அப்போது மூன்று நாலு படங்களைச் சுழற்சியில் வைத்துக்கொண்டால் ஒன்று காயும் நேரத்தில் இன்னொன்றில் வேலை செய்யலாம். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேல்பூச்சில் கூடுதலாகவும் இருக்கட்டும், இல்லாவிட்டால் வருடம் போகப் போக வெடிப்பு விடும்.

சீக்கிரம் காய்கிறதே என்று அக்ரிலிக் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அக்ரிலிக் சரியாகப் படலம் கட்டாது. ஊட்டியின் டிசம்பர், ஜனவரிக் காலைகள் அதைவிடக் குளிரானவை, புல்லில் உறைபனியே விழும். எண்ணெய் வண்ணத்துக்கு அந்தக் கவலை இல்லை, கொஞ்சம் கெட்டியாகும், அவ்வளவே. எண்ணெய் வண்ணத்தை இளக்கவும் பிரஷ் கழுவவும் வைக்கிற டர்பன்டைனின் நெடி ஒத்துக்கொள்ளாதவர்கள், குளிருக்காக ஜன்னலை மூடி வைத்து வரைகிறவர்கள், தண்ணீரில் கரையும் எண்ணெய் வண்ணத்தை வாங்கலாம். கொஞ்சம் பிசுபிசுப்பு உண்டு, பழகிவிடும். சாதாரண எண்ணெய் வண்ணத்திலேயே இருக்க விரும்பினால் பிரஷ்ஷைச் சமையல் எண்ணெயில் அலசி, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் டர்பன்டைன் தேவையே மிகவும் குறைந்துவிடும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட டின்னில் போடுங்கள். முடித்த படங்களைச் சுவரோடு ஒட்ட மாட்டாமல், பின்னால் சின்னத் தக்கை வைத்துக் காற்றோட்டம் விடுங்கள். மழைக்காலத்தில் கேன்வாஸ் பின்புறம் பூஞ்சணம் பூக்கும்.

பிரஷ் வாங்கும் முன் கண்ணையும் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். கண்புரை மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல நிறத்தை மாற்றிவிடும். மோனேக்கு 1912-ல் கண்புரை என்று கண்டறிந்தார்கள், 1923-ல்தான் அறுவை செய்துகொண்டார். இடைப்பட்ட காலப் படங்களில் சிவப்பும் பழுப்பும் ஏறியிருப்பது தெரியும்.

தாமதமாகத் தொடங்குகிறோமே என்று தயங்குகிறவர்களுக்கு அர்மான் கியோமானைச் சொல்வேன். 1874 கண்காட்சியில் படம் வைத்தவர்களில் ஒருவர், ஆனால் பல வருடம் ரயில்வேயிலும் அரசு வேலையிலும் இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் வரைந்தார். 1891-ல் லாட்டரியில் ஒரு லட்சம் பிராங்க் விழுந்த பிறகுதான் முழுநேரமும் ஓவியராக முடிந்தது. அப்போது அவருக்கு 50 வயது. அதன் பிறகு இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்.

அடுக்குமாடியில் குடியிருந்து, வாசலும் மண்ணும் இல்லாதவர்களுக்கு மட்டும் என் வரிசை மாறும். அவர்கள் ஜன்னல் விளிம்பில் இரண்டு தொட்டி வைத்துக்கொண்டு, வார நாட்களில் சிம்ஸ் பூங்காவுக்குப் போகட்டும். மே மாதத்தைத் தவிர்த்து, மழை ஓய்ந்து வானம் தெளிகிற ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கலாம். ஒரே மரத்தடியைத் தேர்ந்தெடுத்து, திரும்பத் திரும்ப அங்கேயே உட்காருங்கள். பூ இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டாம், பாதையில் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து இடம் பிடியுங்கள்.